காற்றுக்குக் கட்டிய கயிறு

நவம்பர் பிறந்தால் புந்தா அரேனாஸில்
நகராட்சி ஆட்கள் வந்து
சதுக்கத்து முனைகளில் கயிறு கட்டுவார்கள்,
நடப்பவர் பிடித்துக்கொள்ள.
அதில் யாருக்கும் வெட்கமில்லை.
வங்கி மேலாளர் பிடிப்பார்.
போலீஸ்காரர் ஒரு கையில் தொப்பியும்
மறு கையில் கயிறுமாய்ப் போவார்.
நூற்றுப்பத்துக் கிலோ எடையுள்ள
எங்கள் உடற்பயிற்சி வாத்தியாரும் பிடிப்பார்.

எனக்குள் வீசுவது வேறு.
அதற்கு மாதமில்லை, வானிலை அறிக்கை இல்லை.
வேதியியல் வகுப்பில்,
ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகையில்,
ஷாம்பூ நுரைக்குக் கண்ணை மூடிய நொடியில்
விலாவுக்குள் ஒரு கதவு படாரென்று சாத்தும்.
விரல்கள் மரத்து வேறு யாருடையதோ ஆகும்.
செத்துப்போகிறேன் என்று
சந்தேகமில்லாமல் தெரியும்.
பிறகு, சாகாமல் எழுந்து,
வீட்டுப்பாடம் எழுத வேண்டியிருக்கும்.

பள்ளியில் 'அமைதி அறை' திறந்தார்கள்.
பழைய வரைபட அறைதான்; மூலையில்
சுருட்டிய ஆசியா இன்னும் நிற்கிறது.
மேசைமேல் மினுக்குத்தூள் பாட்டில்:
குலுக்கு, தூள் அடங்கும்வரை பார்.
பார்த்தேன்.
தூள் அடங்கியது.
கைப்பேசியில் ஒரு நீல வட்டம்:
விரிந்தால் இழு, சுருங்கினால் விடு.
மூன்றாம் சுற்றில் தாளம் தப்பியது.
மூச்சு விடுவதிலும் நான் ஃபெயில் என்று
அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பின்வரிசை யெர்கோ
ஒரு பிஸ்கட் டப்பாவை என் பக்கம் தள்ளினான்.
உப்புத்தாள் ஒரு துண்டு.
ஜலசந்திக் கரையில் பொறுக்கிய கல்.
எலுமிச்சை மிட்டாய், கன்னம் கோணும் புளிப்பு.
அவன் தங்கையின் அறுந்த வளையல்.
"இதில் பாதி வேலை செய்யாது, ரயென்.
எந்தப் பாதி என்பது
நாளுக்கு நாள் மாறும்."
உனக்குமா என்று நான் கேட்கவில்லை.
டப்பாவின் மூடி நசுங்கியிருந்த விதமே
சொல்லிவிட்டது.

கணிதத் தேர்வு. ஏழாவது கேள்வி.
கதவு சாத்தியது.
தாளைக் கவிழ்த்துவிட்டு ஓடினேன்,
படி, வாசல், தெரு.
வெளியே நிஜக் காற்று
ஒரு குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டு போனது.
கயிற்றைப் பிடித்தேன்.
நைலான், ஈரம், உள்ளங்கையை அறுக்கும் முறுக்கு.
நாலடி தள்ளி யாரோ ஒருவர்
மார்போடு கேக் பெட்டியை அணைத்தபடி.
பின்னால் மூச்சிரைக்க யெர்கோ,
தேர்வு எழுதிய பேனா இன்னும் கையில்.
மூவரும் ஒரே கயிற்றில்.
அது இழுத்தது; நாங்கள் ஆடினோம்.
யாரும் காற்றோடு சண்டை போடவில்லை,
நிற்கச் சொல்லி அதைக் கேட்கவுமில்லை.
பெட்டியின் மூடி பிய்த்துக்கொண்டு
தேவாலயத்தின் மேலே பறந்தது.
கேக்கில் 'வாழ்த்துகள் இர்மா' என்றிருந்தது.
அந்த மனிதர் எங்களைப் பார்த்தார்.
நான் சிரித்தேனா அழுதேனா
எனக்கே தெரியாது, அவரும் கேட்கவில்லை.
அந்தக் காற்றில்
எல்லோர் கண்ணிலும்தான் நீர்.

அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன்,
பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த முதுகிடம்.
குழாயை மூடினாள். திரும்பவில்லை.
"எத்தனை நாளாய்?"
"எட்டாம் வகுப்பிலிருந்து."
ஈரக் கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.
என் சட்டைத் தோளில்
அவள் கையின் ஐந்து விரலும் நனைத்தன.

மருத்துவமனையில் பெயர் கொடுத்திருக்கிறோம்.
காத்திருப்போர் பட்டியலில் முப்பத்தொன்று.
போன வாரம் இருபத்தெட்டு.
மூன்று பேர் முன்னேறிய கணக்கை
நான் தினமும் போட்டுப் பார்க்கிறேன்.

இதற்கிடையே எங்களுக்குள் ஒரு சொல்.
இரவு இரண்டு மணிக்கு அனுப்புவேன்: "கயிறு?"
யெர்கோ பதில் போடுவான்: "பிடிச்சிருக்கேன்."
அவ்வளவுதான். அறிவுரை கிடையாது.
சில இரவு அவன் கேட்பான், நான் பிடிப்பேன்.

அவன் தூங்கிவிட்ட இரவுகளும் உண்டு.
ஒற்றை டிக் மட்டும் சாம்பல் நிறத்தில் நிற்கும்.
அப்போது எலுமிச்சை மிட்டாய்.
அதுவும் தீர்ந்துபோனால்
ஜன்னலைத் திறந்து
சதுக்கத்துப் பக்கம் காது வைப்பேன்.
யாரும் பிடிக்காத நேரத்திலும்
அங்கே கயிறு
விளக்குக் கம்பத்தில் தட்டித் தட்டி
விடியும்வரை
தப்புத் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.