திரும்பப் பார்த்தேன்

தண்ணீர் லாரி ஓட்டும் பொன்னுதுரை
தாராவி தொண்ணூறடிச் சாலை முனையில் நடந்ததை
ஒரே மூச்சில் சொன்னார்:
"நின்னு பாத்தேன். மெதுவாத் திரும்பப் பாத்தேன்.
அதுக்குள்ள ஸ்கூட்டர் வந்துட்டு."

எட்டே சொல்.
எனக்குப் பக்கத்துக்குத்தான் கூலி.
எட்டு சொல்லுக்குக் கட்டிங் சாய் கூடத் தேறாது.

ஃபோர்ட்டில், தீர்ப்பாயத்துக்கு எதிர்ச்சாரியில்
ஜெராக்ஸ் கடை மாடிப்படிக்குக் கீழே என் மேசை.
அங்கிருந்து அவரை ஆங்கிலத்துக்கு ஏற்றிவிட வேண்டும்.

இரண்டு பாத்தேன் சொன்னார்.
முதல் பாத்தேனில் கண் இருக்கிறது.
அடுத்ததில் ஸ்டீயரிங் மட்டும்.
அதில் தடுமாறவில்லை, தமிழச்சிதானே நான்.
தடுமாறியது மெதுவாவில்.
தமிழில் அதற்கு வினைக்கு முன்னால் நிற்க இடம் போதும்.
இரண்டு வினை இருந்தாலும்
நீ யாரோடு வந்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை.
ஆங்கிலத்திலோ அது
விரார் ஃபாஸ்ட்டில் நாலாவது சீட்டுக்கு
இடுப்பை நுழைக்கும் ஆள்.

ஸ்லோலி ட்ரையிங் டு டர்ன்:
முயற்சியே மந்தம், மனுஷன் தூக்கக் கலக்கம்.
ட்ரையிங் டு டர்ன் ஸ்லோலி:
மந்தம் சக்கரத்துக்குப் போய்விட்டது, ஆள் உஷார்.
ட்ரையிங் டு ஸ்லோலி டர்ன் என்று அடித்தபோது
பக்கத்து மேசை தினாஸ் எட்டிப் பார்த்து
"புருஷன் பெண்டாட்டி நடுவுல உட்காராதே" என்றாள்.
அவளுக்கு டுவும் வினையும் அப்படி.

மெதுவாவைக் கடைசி சீட்டில் உட்கார வைத்து
நெற்றியைத் துடைத்தபோது மணி ஆறேகால்.
ஆறு முப்பத்தெட்டுக்குக் கல்யாண் வண்டி.
நின்னு பாத்தேன் மிச்சம் இருந்தது.
அதில் யோசிக்க என்ன இருக்கிறது?
ஸ்டாப்ட் லுக்கிங்.
நிறுத்தமும் இருக்கிறது, பார்வையும் இருக்கிறது.
மூட்டை கட்டினேன். வண்டி கிடைத்தது. ஜன்னல் சீட்டு வேறு.

நாலு மாதம் கழித்து
எதிர்த்தரப்பு வக்கீல் கார்கானிஸ் என் தாளை உயர்த்தி
"பார்ப்பதை நிறுத்திவிட்டேன் என்று
இவரே சொல்கிறார், மைலார்ட்" என்றார்.
பொன்னுதுரை தலையாட்டினார்.
அவ்வளவு ஆங்கிலத்தில்
அவர் பெயர் மட்டும் அவருக்குக் கேட்டிருந்தது.

இங் என்று ஒரு வால்.
ஒட்டினால் கண்ணை மூடிக்கொண்டவர்.
நறுக்கிவிட்டு முன்னால் டு வைத்தால்
லாரியை நிறுத்தி, ஜன்னலில் தலை நீட்டி
இரண்டு பக்கமும் பார்த்தவர்.
அதே மனிதர், அதே காக்கிச் சட்டை,
பையில் அதே நீலக் கைக்குட்டை.
ஸ்கூட்டர் பையனுக்கு முழங்காலுக்குக் கீழே
இரண்டு இடத்தில் முறிவு.
அதற்கு எந்த மொழியிலும் வால் கிடையாது.

திருத்த மனு எழுத உட்கார்ந்தேன்.
ஐ ரிக்ரெட் டு ரைட் என்று விரல் தானாகப் போனது.
அப்படி எழுதினால்
வருத்தத்தோடு இனிமேல்தான் எழுதப்போகிறேன்.
ஐ ரிக்ரெட் ரைட்டிங் என்றால்தான்
எழுதித் தொலைத்ததற்கு வருந்துகிறேன்.
அங்கே அவரைக் கவிழ்த்த வால்
இங்கே எனக்கு வேண்டியிருந்தது.
வெட்கமாக இருந்தது, ஒட்டிக்கொண்டேன்.

படியிறங்கினால்
வடாபாவ் வண்டிப் பக்கம் அவர்.
"என்னம்மா, நான் என்ன சொன்னேனாம்?"

நின்னு பாத்தேன்னு சொன்னீங்க, என்றேன்.

"ஆமா. நின்னுதான் பாத்தேன்"
என்று சொல்லிக்கொண்டே ரோட்டில் இறங்கினார்.
வாய்தா பதினேழாம் தேதி.
கோப்பில் அந்த லாரி
இன்னும் திரும்பிக்கொண்டிருக்கிறது.