நூற்றொன்று

ரோடா மக்காஸ்கில் இறந்த செய்திக்கு
எங்கள் வானொலி ஒதுக்கியது பதினேழு நொடி.
பத்தொன்பதாக வந்தது.
"காலமானார்" என்பதற்கு முன்னால்
வாசிப்பவர் இழுத்த மூச்சை வெட்டினேன்.
சரியாக வந்தது.

கிளேஸ் பேயில் சுரங்கக்காரர் ஒருவரின் கடைசி மகள்.
குளிருக்குச் சன்னல் இடுக்கில் அடைத்த செய்தித்தாளில்
பாதி இளவரசி இருந்தாளாம்:
தொப்பி, ஒரு கண், கையுறைக்குள் மூன்று விரல்.
"மீதியைத் தேடிப் போனேன்.
அதற்குத் தொழில் என்று பெயர் வைத்தார்கள்."

ஒன்பது புத்தகம்.
நேரில் பார்த்தது ஒரே தடவை,
ஹாலிஃபாக்ஸ் கப்பல்துறையில், மழையில்,
பூங்கொத்து நீட்டிய யாரோ ஒரு சிறுமிக்குப் பின்னால்.
இளவரசி நின்றாள். குனிந்து பார்த்தாள்.
"உங்கள் காலணி நனைந்திருக்கிறதே."
அவ்வளவுதான்.
அந்த ஈரத்தில் முளைத்தவைதான் ஒன்பதும்.

மெய்க்கீர்த்தி எழுதியவனுக்காவது
நாலு மா நிலம் கிடைத்திருக்கும் என்றேன் ஒருநாள்.
அது என்னவென்று விளக்குவதற்குள் தேநீர் ஆறிப்போனது.
"கல்லிலா?" என்றாள். "அப்புறம் எப்படித் திருத்துவது?"

அரண்மனையில் கல்யாணம், தொட்டில், வழக்கு,
எதுவானாலும் விடிகாலை நாலுக்கு வந்துவிடுவாள்.
பனிச்சப்பாத்தைக் கதவோரம் கழற்றி
காலுறையோடு மைக் முன்னால் உட்கார்வாள்.
"அரண்மனை வட்டாரங்கள்" என்று சொல்ல மாட்டாள்.
"எனக்குத் தெரியாது" என்பாள்,
நேரலையில், நாடு முழுக்கக் கேட்க.
தயாரிப்பாளர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

என் பெயரைக் கேட்டாள். அரசரத்தினம்.
அர்த்தம் கேட்டாள். சொன்னேன்.
எங்கட வீடுகளில் சோறு தீத்தும்போது
எல்லாப் பிள்ளையும் ராசாதான் என்றும் சொன்னேன்.
"வாரிசுச் சண்டை வராதா?" என்றாள்,
முகத்தில் ஒரு சுருக்கமும் அசையாமல்.

கோட்டைக் குன்றில் நண்பகல் பீரங்கி வெடிக்கும்.
பதினொன்று ஐம்பத்தெட்டுக்கே பேச்சை நிறுத்துவாள்,
ஒலிப்பதிவு கெடாமலிருக்க.
நான் மேசையை இறுகப் பிடித்துக்கொள்வேன்,
வேறொரு ஊரில் பழகிய பழக்கம்.
பார்த்தாள்.
நாற்பது வருடம் கேள்வி கேட்டே சாப்பிட்டவள்
அதை மட்டும் கேட்கவில்லை.

இளவரசி இறக்கும் நாளுக்கென்று
இருபத்திரண்டு நிமிடம் பதிந்துவைத்தோம்.
உயிரோடு இருப்பவளுக்கு ஒரு கையறுநிலை.
வயது வருமிடத்தில் மட்டும் ஓட்டை விட்டோம்.
எண்பத்தெட்டிலிருந்து நூறுவரை
ஒரே அமர்வில் சொல்லிக் கொடுத்தாள்,
ஒவ்வொன்றையும் தனித்தனித் துக்கத்தோடு.
தொண்ணூற்றொன்றில் இருமினாள்.
மறுபடி சொன்னாள்.
"நூறு போதும், அரசா.
அதற்குமேல் போவது மரியாதையில்லை."

தொண்ணூற்றுமூன்று ஓடிக்கொண்டிருந்த ஏப்ரலில்
ரோடா போய்விட்டாள்.
டார்ட்மத்தில், மூன்றாம் மாடியில்.
வீட்டைக் காலி செய்ய வந்த மருமகன்
ஒன்பது புத்தகத்தையும் மளிகைப் பையில் போட்டுத் தந்தார்.

இளவரசியோ இன்னும்
மாடத்தில் நின்று கையசைக்கிறாள்.
ஒவ்வொரு பிறந்தநாளுக்கும்
பழைய எண்ணை எடுத்துப் புதிய எண்ணை ஒட்டுகிறேன்.
யாரும் சொல்லவில்லை.
நிலையத்தில் இப்போது
அந்தக் கோப்பு இருப்பதே யாருக்கும் தெரியாது.
நாளைக்கே அது ஒலிபரப்பானால்
இறந்தவள் வாயால்தான்
இறப்புச் செய்தி போகும்.

நேற்றோடு நூறும் தீர்ந்தது.

கோப்பைத் திறந்து தேடினேன்.
பதினாலாவது நிமிடத்தில் இருக்கிறது:
"அவர் என்னிடம் பேசிய சொற்கள் மூன்று,
வாக்கியம் ஒன்று."
அந்த ஒன்றைப் பிரதியெடுத்து
நூற்றின் வாலில் சேர்த்தேன்.
போட்டுக் கேட்டேன்.

நூறு அழுகிறது.
ஒன்று சிரிக்கிறது, லேசாக,
நனைந்த காலணியோடு நிற்பவள் மாதிரி.

துக்கச் செய்திக்குப் பொருந்தாது.
அளவு பார்த்தேன்: அரை நொடி.
இருக்கட்டும் என்று மூடினேன்.