ஏழாம் நாளுக்குள்

ஓரிகனில், மழை விடாத ஒரு மர ஆலையில்
விபத்துப் பதிவேடு என் மேசையில் இருக்கிறது.
என் பெயர் வெர்னா ஸ்கோக்லண்ட்.
நான் ரம்பத்தைத் தொட்டதில்லை.
பதினோரு ஆண்டுகளாக
ரம்பம் தொட்டவர்களை எழுதுகிறேன்.

ஒரு வரிக்கு ஓர் ஆள்.
பெயர், வேலை, தேதி, இடம்,
எந்த உறுப்பு, எதனால்.
கட்டம் சிறியது.
‘இடது கை, மோதிர விரல், பட்டை உரிக்கும் இயந்திரம்’
என்று எழுதினாலே விளிம்பைத் தாண்டுகிறது.
மோதிரம் என்ன ஆயிற்று என்று எழுத
இடமில்லை.

செய்தி காதில் விழுந்ததிலிருந்து
ஏழு நாளுக்குள் வரி ஏறிவிட வேண்டும். அதுதான் கெடு.
அந்த ஏழு நாளில்தான்
என் கதவை அதிகம் தட்டுவார்கள்.

சென்ற அக்டோபரில் ட்வைட் வந்தான்,
இரவு ஷிஃப்ட் மேற்பார்வையாளன்.
கையில் காபி. எனக்கும் ஒன்று.
‘எஸ்டெபானுக்கு முழங்கையில் சின்னக் கிழிசல்.
பட்டாம்பூச்சி பிளாஸ்திரி போட்டாயிற்று.
தையல் எதற்கு?’

எதற்கென்று இருவருக்கும் தெரியும்.
பிளாஸ்திரி முதலுதவி, பதிவேட்டுக்கு வராது.
ஒரு தையல், ஒரே ஒரு தையல் விழுந்தால்
அது சிகிச்சை.
வாசல் பலகையில்
விபத்தில்லா நாட்கள் 216
பூஜ்யமாகும்.
இருநூற்றைம்பதைத் தொட்டால்
எல்லோருக்கும் பீட்சா என்று சொல்லியிருந்தார்கள்.

எஸ்டெபான் இரும்புப் படியில் உட்கார்ந்திருந்தான்,
சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு.
முழங்கையை மடக்கும்போதெல்லாம்
பட்டாம்பூச்சி சிறகு விரித்தது.
அடியில் சிவப்பு.
‘என்னால் பீட்சா போகக் கூடாது’ என்றான்.

முழுப் பூசணிக்காயைக்கூடச் சோற்றில் மறைக்கலாம் போல.
நான் கார் சாவியை எடுத்தேன்.

ஒன்பது தையல்.
திரும்பி வந்தபோது
ட்வைட்டின் காபி ஆறிக் கிடந்தது.
குடித்துவிட்டுத்தான் எழுதினேன்.
வீணாக்குவானேன்.

மூன்று வாரம் யாரும் என் மேசைப் பக்கம் வரவில்லை.
நேரம் நிறைய இருந்தது.
ஐந்தாண்டுப் பதிவேடுகளை
வைத்திருக்க வேண்டும் என்பது விதி.
எடுத்துப் பார்க்க வேண்டும் என்று விதி எங்கும் சொல்லவில்லை.
தரையில் பரப்பினேன்.
வரிகளைக் குறுக்கே படித்தால்
ஆள்தான் தெரிகிறான்: கவனமில்லாதவன், புதியவன், தூக்கக் கலக்கம்.
நெடுக்கே படித்தேன்.
மூன்றாம் சங்கிலிப்பட்டை.
மூன்றாம் சங்கிலிப்பட்டை.
மணிக்கட்டு, தோள்மூட்டு, கட்டைவிரல்,
இப்போது முழங்கை.

என்னிடம் ஒரு நீல நோட்டும் உண்டு,
சட்டம் கேட்காதது.
நடக்கவிருந்து நடக்காமல் போனவற்றை
அதில் குறித்து வைப்பேன்.
‘கையுறை உள்ளே போனது. கை போகவில்லை.’
அதே இடம்.
ஏழு முறை.

பதிவேட்டையும் நோட்டையும் சேர்த்து
மேலாளர் மேசையில் வைத்தேன்.
அவர் பேசவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.
அடுத்த சனிக்கிழமை
சங்கிலிக்கு இரும்புவலைக் கூடு வந்தது.
ஒரு போல்ட் சரியாகப் பொருந்தவில்லை.
அதையும் நீல நோட்டில் எழுதினேன்.

லைல் பாஸ்கம் பற்றியும் சொல்ல வேண்டும்.
முதுகு.
வேலைக்கு வராத நாட்களை
நூற்றெண்பதோடு எண்ணி நிறுத்தலாம்,
விதி அனுமதிக்கிறது.
180 என்று போட்டு அந்த வரியை முடித்தேன்.
மளிகைக் கடையில் அவன் மனைவியைப் பார்த்தேன்,
வலி மாத்திரையும் முட்டைக்கோசும் கூடையில்.
‘இன்றோடு இருநூற்று நாற்பத்து மூன்று’ என்றாள்,
நான் கேட்காமலே.

பிப்ரவரி முதல் தேதி
ஆண்டுச் சுருக்கத்தை
வருகைக் கடிகாரத்தின் அருகே ஒட்டினேன்.
பெயர்கள் கிடையாது, கூட்டுத்தொகை மட்டும்.
கீழே மேலாளரின் கையெழுத்து.
பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்
காபி எடுத்துக்கொண்டார்கள்.

எஸ்டெபான் நின்றான்.
‘இதில் நான் எங்கே?’
6 என்ற எண்ணைக் காட்டினேன்.
‘இந்த ஆறில் ஒருவன்.’

அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தான்,
கிரீஸ் அப்பிய விரல்.
அவன் போன பிறகு
கறுப்பாக ஒரு ரேகை.

புதிய தாள் அச்செடுக்க
ஒரு நிமிடம் போதும்.
ஏப்ரல் கடைசி வரை
அதையே விட்டு வைத்தேன்.