மூக்கைக் கொஞ்சம் குறைச்சு

உப்புவெளிக் கடற்கரையில்
ஒரு முகம் ஆயிரத்து ஐந்நூறு.
ஒரே தாளில் இரண்டு பேர் என்றால் இரண்டாயிரத்து ஐந்நூறு.
குழந்தை இலவசம், அசையாமல் இருந்தால்.
அசையாத குழந்தையை இன்னும் நான் காணவில்லை.

கச்சான் வீசினால் தாளில் மணல், மையில் மணல்.
ஒரு ஜெர்மன்காரரின் தாடிக்கு
நான் வைக்க நினைத்த புள்ளிகளைக்
காற்றே வைத்துவிட்டுப் போனது.
அதற்கும் சேர்த்துத்தான் காசு வாங்கினேன்.

மாரி தொடங்கக் கடல் கறுக்கும்.
ஹொட்டல்காரர் கதிரைகளைக் கவிழ்த்து அடுக்குவார்கள்.
நான் முகங்களை விட்டு நுளம்புக்கு இறங்குவேன்.
டெங்குத் துண்டுப்பிரசுரம்:
நுளம்பு பன்னிரண்டு, சிரட்டை ஆறு, டயர் மூன்று.
"நுளம்பு சிரிக்கிற மாதிரி இருக்கு மிஸ்,
சனம் பயப்பட வேணும்."
பன்னிரண்டு வாயையும் கவிழ்த்துக் கொடுத்தேன்.
காசு?
"ஃபைல் மேல போயிருக்கு."
நிமிர்ந்து பார்த்தேன்.
அஸ்பெஸ்டஸ் கூரை, ஒரு பல்லி.
அந்தக் கந்தோருக்கு மாடியே இல்லை.

எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்:
மூக்கைக் கொஞ்சம் குறைச்சு.
குறைக்கலாம்.
குறைத்தால் அடையாள அட்டைக்கு ஆகும்.
இழுத்தால்தான் ஆள் வந்து உட்காருவார்.

கிண்ணியாவில் ஒரு கலியாண வீடு.
வாசலில் வைக்க மாப்பிள்ளை பெண் படம், ஆறடி.
மாப்பிள்ளையின் உம்மா விரலை நீட்டினா:
"என்ட மகன்ட காது இப்பிடியா?"
பந்தல் கட்டுகிறவர்கள் உட்பட
அத்தனை பேரும் திரும்பிக் காதைப் பார்த்தார்கள்.
றிப்கான் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.
குறைத்துக் கொடுத்தேன், வேறு யாரோ வந்தான்.
நடு இரவில் ஒரு மெசேஜ்:
"அக்கா, முதல் படத்தை அனுப்புங்க.
அதிலதான் நான் இருக்கிறன்."

கிழமைப் பத்திரிகைக்கு ஒரு கார்ட்டூன்
கொத்துரொட்டிக்கும் சோடாவுக்கும் சரி.
நகரசபை உறுப்பினர் பூலோகராசா
எங்கள் ஒழுங்கையின் வடிகாலை மூன்றாந்தரம் திறந்து வைத்த கிழமை
அவரைக் கூழைக்கடாவாகப் போட்டேன்:
தாடைப் பைக்குள் சீமெந்து மூட்டை,
சொண்டில் கத்தரிக்கோல்,
காலடியில் முழங்கால் அளவு ஊத்தைத் தண்ணீர்.
வெள்ளிக்கிழமை வெளிவந்தது.
சனியும் ஞாயிறும்
தெரியாத நம்பர் எதையும் நான் எடுக்கவில்லை.

திங்கள் காலை அவரே வந்தார், மோட்டார் சைக்கிளில்.
தங்கச்சி கேற்றைப் பூட்ட ஓடினாள்.
அதற்குள் அவர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"ஒறிஜினல் இருக்கா பிள்ள?
ஹோலில மாட்டத்தான்.
என்ட மனிசி விழுந்து விழுந்து சிரிச்சா."
வடிகால் பற்றி அவருக்கு மனவருத்தம் எதுவுமில்லை.
கத்தரிக்கோல் நல்லா வந்திருக்காம்.
பிறகு குரலைத் தணித்து,
"இந்த மூக்கை மட்டும் கொஞ்சம்..."

பறவைக்கு மூக்கு சொண்டுதானே சேர் என்றேன்.
யோசித்தார். ஒத்துக்கொண்டார்.
பத்தாயிரம் சொன்னேன், ஏழு என்றார்.
கரண்ட் பில் மேசையில் கிடந்தது, சிவப்பு எழுத்தில்.
ஏழு.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டும்.
இரண்டு நாள் பயந்த பயத்துக்கு
ஒரு மரியாதையுமில்லாமல் போயிற்று.
அவர் தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள்
மெல்லிய பேனாவை எடுத்து
ஊத்தைத் தண்ணீருக்கு மேல் பன்னிரண்டு நுளம்பு போட்டேன்,
காசில்லாமல்.
பன்னிரண்டும் சிரித்தன.
அவர் எண்ணிப் பார்க்கவில்லை.
தாளைச் சுருட்டி, லேஸ்டிக் போட்டு,
டாங்கிக்கு மேல் வைத்துக்கொண்டு போனார்.

பில் கட்டப் போகையில்
பஸ் நிலையத்து மதிலோரம் இரண்டு மான்.
ஒன்று வாழைப்பழத் தோலில் நின்றது.
மற்றது அவருடைய தேர்தல் போஸ்டரை
ஆறுதலாக உரித்துத் தின்றது.
மூக்கு முடிந்து
காதுக்கு வந்திருந்தது.