அரை ரிக்கற்

ஐந்நூறை வெட்டி முந்நூறு என்று எழுதினேன்.
முந்நூறை வெட்டி நூற்றைம்பது.
"வெட்டினது தெரியிற மாதிரி வெட்டு" என்றான் கஜரூபன்,
"பழைய விலை தெரிஞ்சால்தான்
சனத்துக்குப் புது விலையில ஆசை வரும்."
விலைக்கழிவு என்று பெரிதாய்ப் போடப் போனேன்.
நிரூஜா தடுத்தாள்:
"கழிவு எண்டு கண்டால்
பிரதேச சபை உழவு மெஷின் வந்து
அள்ளிக்கொண்டு போயிடும்."
சிரித்தோம்.
மண்டப வாடகை இரண்டு தவணை நிலுவை.

மாங்குளத்தில் ஒரு பாட்டு நாடகம்.
பெயர் 'நூற்றிருபது அடி'.
குழாய்க்கிணறு அடிக்கிற மெஷினோடு
ஊர் ஊராய்ப் போகும் ஒருத்தி,
எந்த ஊரிலும் தண்ணீர் காணாதவள்.
பன்னிரண்டு பாட்டு, ஒரு கீபோட்,
மெஷின் சத்தத்துக்குத் தார்ப் பீப்பா.
முதல் காட்சிக்கு முப்பத்தொரு பேர்.
இரண்டாவதுக்குப் பத்தொன்பது;
அதில் ஏழு பேர் நடிக்கிறவர்களின் தாய்மார்,
காசு வாங்கவில்லை.
நான் லீசிங் கொம்பனியில் கணக்கு எழுதுகிறவள்.
நட்டம் ஒழுங்கை திரும்பும்போதே
நடையில் கண்டுபிடித்துவிடுவேன்.

பிறகுதான் கடிதம் வந்தது.
மாகாண விருதுக்காகப் பார்க்க வருகிறார்களாம்,
யாழ்ப்பாணத்திலிருந்து, வானில், மூன்று பேர், சனிக்கிழமை.
படிவத்தில் ஏழாம் கேள்வி:
காசு கொடுத்துப் பார்த்தோர் எத்தனை பேர்?
பத்துப் புள்ளி.

மீன் ஓட்டோவின் ஒலிபெருக்கியில்
பாரைக்கும் சூடைக்கும் நடுவில்
எங்கள் நூற்றைம்பதும் கூவப்பட்டது.
ஒருவர் கிலோவா என்று கேட்டாராம்.

சனிக்கிழமை மழை.
முல்லைத்தீவுக் கடைசி பஸ் எட்டேகாலுக்கு.
அதுவரை நனையாமல் இருக்க ஒரு கூரை,
ஃபான், கதிரை;
அந்த விலைக்கு மலிவுதான்.
உரப்பையோடு வந்தார்கள்,
மருந்துத் துண்டோடு, நித்திரைப் பிள்ளையோடு வந்தார்கள்.
எண்பத்தாறு கிழித்தேன்.

முன்வரிசையில் நடுவர்கள்.
ஒருவர் பேனையை மூடவேயில்லை.
ஒருவர் நுளம்பு அடித்தார்,
தாளம் தப்பாமல் என்று அன்ரன் இன்றைக்கும் சொல்கிறான்.
இடைவேளையில் தேத்தண்ணி குடித்துவிட்டு
மூத்தவர் சொன்னார்:
"ஆனையிறவுப் பக்கம் வெள்ளமாம். வெளிக்கிடுறம்.
மிச்சத்தை ஊகிக்கலாம்."
வானின் பின்விளக்கு
ஏ-நைன் மழைக்குள் சிவந்து கரைந்தது.
நான் உள்ளே சொல்லவில்லை.
மூன்று கதிரை காலியானது
வெளிச்சத்துக்குள் நிற்கிறவர்களுக்குத் தெரியாது.

எட்டேகால்.
ஒருவரும் எழும்பவில்லை.
எட்டு இருபதுக்கு ஹோர்ண்.
எட்டரைக்குச் சாரதியே வந்துவிட்டார்,
யோகலிங்கம் அண்ணை,
தலையில் ஷொப்பிங் பை, கையில் திறப்பு.
"என்ரை சனம் உள்ளுக்கோ?"
"ஓம்."
"இன்னும் எவ்வளவு?"
"மூண்டு பாட்டு."
எட்டிப் பார்த்தார்.
மேடையில் நூற்றுப்பத்தாவது அடி.
பீப்பா அதிர, சுகிர்தா
கீழே, இன்னும் கீழே என்று
தொண்டை கட்டிய குரலில் இறங்கிக்கொண்டிருந்தாள்.
"தண்ணி வந்திட்டோ?"
ஆஸ்பத்திரி வாசலில் விசாரிக்கிற குரல்.
"தெரியாது அண்ணை. ரிக்கற் எடுத்தால் பாக்கலாம்."
அவர் சிரிக்கவில்லை.
"பாதிதானே மிச்சம். அரை ரிக்கற் தா.
நான் எத்தினை பேருக்குக் குடுத்திருப்பன்."
ஈர ஐம்பது தாள் ஒன்று, மீதி சில்லறை.
ஒரு ரிக்கற்றைக் குறுக்கே கிழித்தேன்.
காலிக் கதிரை மூன்றில் நடுவில் போய் இருந்தார்,
மடியில் பஸ்சின் திறப்பு.

பஸ் ஒன்பது பத்துக்குப் போனது.
ஒட்டுசுட்டான் வரைக்கும் சீற்றுக் கம்பியில்
பீப்பாத் தாளம் தட்டினார்களாம்.
இது கேள்விப்பட்டது; கணக்கில் சேராது.

விருது இல்லை.
பங்குனியில் ஒரு பங்குபற்றல் சான்றிதழ்,
நிரூஜாவின் பெயரில் எழுத்துப் பிழையோடு.
கூடவே நான் தபாலில் அனுப்பிய படிவத்தின் பிரதி.
ஏழாம் கேள்விக்கு எண்பத்தாறரை என்று எழுதியிருந்தேன்.
அரையை யாரோ சிவப்புப் பேனையால்
வெட்டியிருந்தார்கள்,
வெட்டினது தெரியிற மாதிரி.