பதினோரு குழாய்கள்

சாட்ஸ்வொர்த் நூலகத்தின் பின்னறையைச்
சனிக்கிழமைகளில் எங்களுக்குத் தருகிறார்கள்,
பன்னிரண்டு மணிவரை.
அதற்குப் பிறகு அங்கே கராத்தே வகுப்பு.

டர்பன் நகராட்சியில் முப்பது வருடம்
வடிகால் வரைபடம் போட்டவள் நான்.
கோடு நேராக இருந்தால்தான் தூக்கம் வரும்.
அதனால்தான் இந்த வேலை என் தலையில் விழுந்தது:
ஆற்றோரம் இருந்து
அறுபத்து நாலில் இடிபட்ட பாரக்ஸை
மறுபடி காகிதத்தில் எழுப்புவது.

ஆளுக்கொரு ட்ரேசிங் தாள், ஒரு பென்சில்.
"உங்க வீட்டுலேருந்து ஆரம்பிங்க," என்றேன்.
யாரும் வீட்டிலிருந்து ஆரம்பிக்கவில்லை.
எல்லோரும் குழாயிலிருந்து.

ஒரே குழாய், நானூறு பேருக்கு.
கிஸ்தன்சாமி அதைத் தன் வாசலுக்கு எதிரே வைத்தார்.
அவர் தங்கை லோகநாயகி
அதே வாசலிலிருந்து கோட்டை இழுத்துக்கொண்டே போய்
தாள் போதாமல்
மேசைமேல் ஒரு புள்ளி வைத்தாள்.
"நீ தூக்குனியா வாளிய?"
அண்ணன் கண்ணாடியைத் துடைத்தார்.

தமிழ் இவர்களிடம்
தண்ணி, துணி, சாமி, சீ போ என்ற அளவில்தான் மிச்சம்.
மற்றதெல்லாம் இங்கிலீஷ், நடுநடுவே ஜூலு.
ஆனால் குழாயடிச் சண்டைக்கு வந்ததும்
எண்பது வயது வாய்களில்
முழு வாக்கியங்கள் எழுந்து நின்றன,
இலக்கணம் பிசகாதவை,
அச்சில் ஏற்ற முடியாதவை.
ஒன்றுவிடாமல் பதிவு செய்தேன்.

பதினோரு தாள். பதினோரு குழாய்.
மழைக்குத் தேங்கும் பள்ளம் இடம் மாறியது.
சர்தார் விசில் ஊதும் மேடை இடம் மாறியது.
மாரியம்மன் மட்டும் எல்லாவற்றிலும்
வேலியோரம், அதே மூலையில்.

பிறகு நகராட்சிக் கிடங்கில்
பழைய பிளான் கிடைத்தது,
கரையான் தின்றது போக.
வரிசைகள் ஆறு.

என் தாள்களை எண்ணினேன்.
ஐந்து. ஐந்து. ஐந்து.
பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு
மறுபடியும் எண்ணினேன்.

"ஆறாவதா? வெள்ளைக்காரன் தப்பாப் போட்டிருப்பான்."
"குதிரை லாயமா இருக்கும்."
"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா,
புத்தகம் கல்யாணத்துல குடுக்கற மாதிரி
அழகா இருக்கணும்."

சம்பளப் பேரேட்டில்
'வாளி, இரவு' என்ற தலைப்பின்கீழ்
பத்தொன்பது பேர்.
தொலைபேசிப் புத்தகத்தோடு ஒப்பிட்டு
இரண்டு மாதம் அலைந்ததில்
ஒருவரின் மகள் கிடைத்தாள்.

நீலாவதி ஃபீனிக்ஸிலிருந்து
இரண்டு டாக்ஸி மாறி வந்தாள்.
கோட்டைக் கழற்றவில்லை. தேநீர் வேண்டாம் என்றாள்.
ஒரே வரிசையை வரைந்தாள்,
கதவு கதவாக, ஒவ்வொரு கதவிலும் பெயர் சொல்லி:
ஆசீர்வாதம், பெரியான், குட்டை ராமக்கா,
பேர் வைக்குமுன் போன ஒரு பிள்ளை.
வேறெதுவும் வரையவில்லை.

"குழாய்?" என்றேன்.
"அது எங்களுக்கில்ல. ஆறு இருந்துச்சு."

பன்னிரண்டு தாளையும்
ஒன்றன்மேல் ஒன்றாக
ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன்.
வெயில் புகுந்தது.
ஐந்து வரிசையில் கோடுகள் கூடிக் கருத்துத் தெரிந்தன.
ஆறாவது, ஒற்றைப் பென்சிலின் மெலிவில்.
குழாய்கள் அம்மை போட்டதுபோல் எங்கும்.

கிஸ்தன்சாமி கிட்டே வந்தார்.
மெலிந்த கோட்டின்மேல் விரல் வைத்தார்.
"இங்க வீடு ஏதும் இல்லம்மா. கொடி கட்டியிருக்கும்.
வரிசையா வெள்ளத் துணி காயும்.
எனக்கு நல்லா ஞாபகம்."

நீலாவதி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.
"அந்தத் துணி எங்களோடது."

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.
லோகநாயகி மேசைமேல் தான் வைத்த பழைய புள்ளியைக்
கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
அது போகவில்லை.

மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது.
கதவருகே பிள்ளைகள்,
வெள்ளை உடுப்பில், வரிசையாக.
நான் இன்னும்
டேப்பைப் பிரிக்கவில்லை.