பதினேழாம் குப்பி

குளச்சலுக்குத் தெற்கே பன்னிரண்டு பாகத்தில்
வெள்ளம் கோரித் தந்தவர் ததேயுஸ்.
குப்பியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்து
“இதுல ஒண்ணும் கெடக்கல்லியே மோளே” என்றார்.
ஒரு சொட்டில் லட்சங்கள் கிடக்கின்றன
என்று சொல்லியிருக்கலாம்.
அன்று அவர் வலையில் நாலு கிலோ நெத்திலி.
சொல்லவில்லை.

குறும்பனையில் வாடகைக்கு எடுத்த ஐஸ் கிட்டங்கி,
அதன் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி,
தொட்டிக்குள் இருபத்துநாலு குப்பிகள்.
பன்னிரண்டு வெயிலுக்கு. பன்னிரண்டு இருட்டுக்கு.

வெயிலுக்குச் செலவில்லை.
இருட்டைத்தான் எங்கே வாங்குவதென்று தெரியவில்லை.
துறைமுகம் வேண்டாமென்று வள்ளங்களில் கட்டிய
கறுப்புக் கொடித்துணியில் எட்டு மீட்டர்
கமிட்டி அலமாரியில் மடித்துக் கிடந்தது.
கேட்டேன். தந்தார்கள்.
இரட்டை மடிப்பாய்ப் பன்னிரண்டு உறைகள்
விடிய விடியத் தைத்தேன்.

நான் பார்க்கிற பாசி மிகச் சிறியது.
ஒரு தலைமயிரின் குறுக்கே
நாற்பது பேர் நிரந்து நிற்கலாம்.
ஒரு வால், ஒரு பச்சைப்பை,
உடம்பு என்று சொல்ல அவ்வளவுதான்.
அதன்மேல் வந்து மோதும் வைரசுக்கு
அதுவும் இல்லை.
கண் இல்லை, வால் இல்லை, பசிகூட இல்லை.
அலைகிறது, முட்டுகிறது, ஒட்டுகிறது.
உள்ளே போன பிறகுதான்
அதற்கு வெயில் வேண்டும்.

பாசி வெயிலைப் பிடித்துச் சர்க்கரை காய்ச்சும்.
வந்தவன் அதே அடுப்பில்
தன் பிள்ளைகளை வேகவைப்பான்.
வீட்டுக்காரன் செத்துக்கொண்டிருக்கும்போதும்
அடுப்பு அணையக் கூடாது.
வேறு கடல்களில் சில வைரசுகள்
விறகுகூடக் கையோடு கொண்டுவருமாம்.

இரண்டாம் நாள்
வெயில் குப்பிகள் கழுவிவிட்டதுபோல் வெளுத்தன.
ஒவ்வொரு பாசியும் வெடித்து
நூறு நூறாய் வெளியே.
கறுப்புத்துணிக்குள்ளோ
நோய் ஏறியவையும் வெடிக்காமல் கிடந்தன.
பிழைத்தன என்று எழுத வந்தது, அடித்தேன்.
காத்திருந்தன என்று எழுதினேன்.
யார் காத்திருந்தது, பாசியா வைரசா,
அதையும் அடித்தேன்.

இந்த வெயிலை நல்லது என்பதா?
மேல்தண்ணீரில் மிதக்கும் வைரசை
உச்சிப்பொழுதில் அதுதான் பொசுக்குகிறது,
ததேயுஸின் முதுகைப் பொசுக்குவதுபோல.
பொசுக்குவதும் அதுவே, பெருக்குவதும் அதுவே.
நாலு பாகம் கீழே போனால் கணக்கு மாறுகிறது.
ஆடி மாதம் கடல் கலங்கினால்
மறுபடி மாறுகிறது.

பிறகு பதினேழாம் குப்பி.

இருட்டுக் குப்பிதான்.
ஆனால் மற்ற இருட்டுகளைப்போல இரு மடங்கு வைரஸ்.
மூன்று முறை எண்ணினேன்.
நாகர்கோவிலிலிருந்து பேராசிரியர் போனில் சொன்னார்:
“கை தவறியிருக்கும் ஷெர்லின்,
அந்த ஒன்றை விட்டுவிடு.”

உறையைக் கழற்றிப் பார்த்தேன்.
கொம்பில் அடித்த ஆணி போன தடம்,
இரண்டு மடிப்பையும் துளைத்து,
கடுகு அளவு.

ஒரு குப்பி சாட்சியாகாது, எனக்கும் தெரியும்.
ஆனாலும் தையலைப் பிரித்து
துணியைத் தலைவழியே போர்த்தி
நோட்டை விரித்துக் குனிந்தேன்.
கொஞ்சநேரம் ஒன்றுமில்லை.
பிறகு அந்த ஓட்டை வழியே
எண்கள் எழுதிய பக்கத்தின்மேல்
மங்கலாய் இறங்கியது கடல்,
மேலே தண்ணீர், கீழே வானம்,
நடுவில் தலைகீழாய் நாலைந்து வள்ளம்.
ஒன்று நகர்ந்தது.
வேர்த்து ஒழுகியும் வெளியே வர மனமில்லை.

அடிக்குறிப்பில் எழுதினேன்:
‘17. உறையில் ஓட்டை. நீக்கவில்லை.’

சனிக்கிழமை ததேயுஸ் படியேறி வந்தார்.
நாளை மறுபடி கூட்டமாம், துணி வேண்டுமாம்.
பிரித்த துண்டுகளை எண்ணிக் கொடுத்தேன்.
ஒன்றில் உப்பு பூத்திருந்தது.
அவர் அதை உதறி
வெயிலில் பிடித்துப் பார்த்தார்.
“ஓட்ட கெடக்கே.”

“கெடக்கட்டும்” என்றேன்.